மாத்திரையை எங்க காணோம்?

எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று ஓர் இடம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு பட்டாசலும் இரண்டு அறைகளும் உள்ள ஓட்டு வீடு. பட்டாசலில் மாமாவின் கட்டில். ஓர் அறையில் பிள்ளைகளின் புத்தகப் பைகளும் அத்தையின் டிரங்குப் பெட்டியும். இன்னொன்றில் நாங்கள். மிஞ்சியது அடுக்களை. 2001-இல் என் முதல் கட்டுரையை அங்கேதான், அரிசி டிரம்மின் மூடியை மேசையாக்கி எழுதினேன். தாள், மகளின் ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டில் மிஞ்சிய நாலு கோட்டுப் பக்கங்கள். நாலு கோட்டுக்குள் தமிழ் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கோட்டில் உட்காருவது என்று தெரியாமல் எழுத்து தத்தளிக்கும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நின்ற சின்னப் பையன் மேடையிலேயே தூங்கிப்போனான். தேவதூதன் வந்து தட்டித் தட்டிப் பார்த்தும் எழும்பவில்லை. கோவில் முழுக்கச் சிரித்தது. அதைத்தான் எழுதினேன். ஒரு கிறிஸ்தவ மாத இதழுக்கு அனுப்பி மூன்று வாரத்தில் தபால் கார்டு வந்தது. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது, இனிமேல் எண்ணெய் படாத தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்பவும். தெருவில் நாலு வீட்டுக்கு அந்தக் கார்டைக் காட்டினேன், எண்ணெய் விஷயத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு.

இதழ் வந்தது. நான் எழுதியதில் பையன் தூங்கிப்போனான். அச்சில் நித்திரையடைந்தான். எங்கள் சபைத் தமிழில் நித்திரையடைவது என்றால் செத்துப்போவது. சேகரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்து, "எந்த ஊருப் பிள்ளைம்மா அது, பாவம்" என்று துக்கம் கேட்டார்கள்.

இந்தத் தமிழை நான் குறை சொல்லவில்லை. 1871-இல், போவர் ஐயர் தலைமையில் வந்த வேதாகம மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் சபைகள் இன்றும் வாசிக்கின்றன. என் காதில் முதலில் விழுந்த எழுத்துத் தமிழும் அதுவே. ஜெபம் பண்ண வாய் திறந்தால் எனக்கும் அந்தத் தமிழ்தான் வரும். அது முழங்கால் போட்டுப் பேசுகிற தமிழ். அதிலேயே மீன்கார அம்மாவிடம் பேரம் பேச முடியாது. ஆனால் எங்கள் இதழ்களில் மீன்கார அம்மாவும் அதில்தான் பேசினாள். நானும் சீக்கிரமே பழகிக்கொண்டேன். அடுத்த கட்டுரையில் நானாகவே 'சாப்பிட்டோம்' என்பதை அடித்துவிட்டு 'போஜனம் பண்ணினோம்' என்று எழுதினேன். ஒரு திருத்தமும் இல்லாமல் பிரசுரமானது.

பணம்? ஆறு வருஷம் எழுதியும் ஒரு பைசா வந்ததில்லை. "ஊழியமா நினைச்சுக்கோங்க சிஸ்டர்" என்பார்கள். இதழின் இரண்டு பிரதிகள் இலவசமாக வரும்.

எங்கள் ஊர்ப்பக்கம் கிறிஸ்தவ எழுத்தாளர் என்று சொன்னாலே எல்லார் நினைவுக்கும் வருகிறவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளைதான். காரையிருப்பில் 1827-இல் பிறந்து, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைக் கொண்டுவந்தவர். பனியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையை 3,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் தமிழாக்கிய மனிதர். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் இதைச் சொல்லும்போது மெய்சிலிர்க்கும். கல்யாணத்துக்கு அப்புறம் அதே நினைவு வரும்போது எனக்கு வேறு சந்தேகம் வந்தது. அந்த 3,000 பாட்டுக்கும் உலை வைத்தது யார்?

அதனால்தான் அன்னாள் சத்தியநாதனைப் பற்றித் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். பிறகு சென்னையில் குருவானவராக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளையும் வளர்த்து, 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். புத்தகத்தின் பெயர் நல்ல தாய். எனக்கு அந்தப் பெயர்தான் பயம். அப்படி ஒரு தலைப்பை வைக்கத் தனித் தைரியம் வேண்டும்.

என் எழுத்துக்கு உலை வைத்தது அத்தை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராதவர். கீர்த்தனைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் மனப்பாடம். எழுந்து நின்று பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பிசகாமல் பாடுவார். நான் டிரம்முக்கு முன்னால் மணைபோட்டு உட்கார்ந்தால் எட்டிப் பார்ப்பார்.

"ஏளா, என்னத்த எழுதுத? பால் கணக்கா?"

"கட்டுரை அத்தை."

"அப்பம் தேங்காய நான் துருவுதேன், தள்ளு."

அவ்வளவுதான். ஆதரவு, ஊக்கம் என்றெல்லாம் முன்னுரையில் நன்றி சொல்கிறார்களே, எங்கள் வீட்டில் அது தேங்காய் துருவலாக வந்தது. அத்தான் மின்வாரியத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, அச்சான கட்டுரையை நின்றபடியே படிப்பார். "நல்லாருக்கு" என்பார். எல்லாவற்றுக்கும் அதே நல்லாருக்கு. எதிலே எது நல்லாருக்கு என்று கேட்டால், "அதான் நல்லாருக்குன்னேனே" என்பார்.

2003-ஆம் வருஷம் லெந்து காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோவிலில் இரண்டாம் பாட்டின்போது என் மகள் கீழே விழுந்தாள். எட்டு வயது. கண் மேலே செருகி, வாய் கோணி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட்டு நிற்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பின்னால் நடந்தது தெரியாது. யாரோ ஒருவர் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார். இன்னொருவர் பிசாசை அதட்டத் தொடங்கிவிட்டார். அத்தைதான் சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலை முந்தானையால் துடைத்தார். யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ.

தலையில் ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். டாக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கினார். மூளையில் ஓடுகிற மின்சாரம் சில நேரம் தாறுமாறாகப் பாய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான், பேயும் இல்லை, சாபமும் இல்லை. மின்வாரியக்காரரான அத்தானுக்கு இது உடனே புரிந்தது. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்று மூன்று தடவை சொன்னார்.

மாத்திரை கசக்கும். அத்தை கதலிப்பழத்தைக் கீறி அதற்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுப்பார். மூன்று வருஷத்துக்கு மேல் அத்தையின் காலை அதில்தான் விடிந்தது. இரவில் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் பழத் துண்டு. சின்னவன் வெகுநாள் வரைக்கும் ஆமென் என்றால் பழம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. 2006 கடைசியில் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சில மாதங்களில் நிறுத்தினார். 2007-இல் இதழ் ஆசிரியர் போன் செய்து, ஆண்டு மலருக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார்.

சாட்சி என்பது எங்களிடையே ஒரு தனி இலக்கிய வகை. அதற்கு ஒரு வார்ப்பு உண்டு. கஷ்டம், கண்ணீர், ஜெபம், ஜெயம். நாவலில்கூட முடிவை வாசகன் ஊகிக்கத் தடுமாறலாம், சாட்சியில் தலைப்பிலேயே முடிவு இருக்கும். நான் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் இரண்டு பக்கம் டாக்டரும் இ.இ.ஜி.யும் கதலிப்பழமும். நான் அதுவரை எழுதியதிலேயே அந்த இரண்டு பக்கந்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஒருவரும் போஜனம் பண்ணவில்லை.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "ரொம்ப நல்லா வந்திருக்கு சிஸ்டர். ஆனா இந்த மாத்திரை, டாக்டர் எல்லாம் ரெண்டு பக்கம் போகுது. சாட்சி நீர்த்துப்போகும். வாசிக்கிறவங்க விசுவாசத்துல இடறிடக் கூடாது பாருங்க. எடுத்திடலாமா?"

எடுத்தது அவர் என்று சொல்லி நான் தப்பிக்க முடியும். அவர் கேட்டார். நான், "உங்க இஷ்டம்யா" என்றேன். ஆண்டு மலரில் பெயரோடு போட்டோவும் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

மலர் வந்த அன்று ராத்திரி அத்தான் அதைச் சத்தமாக வாசித்தார். அத்தை வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் உரலைக் கீழே வைத்தார்.

"மாத்திரைய எங்க காணோம்?"

யாரும் பேசவில்லை.

"நான் பழத்துல வச்சுக் குடுத்தேனே, அது எங்களா?"

பக்கம் போதவில்லை அத்தை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ரேஷன் கடையில் அளவு குறைந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

கட்டுரைக்கு வந்த கடிதங்களைப் போல் எனக்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தச் சூட்டிலேயே 2008-இல் இரண்டு வளையலை அடகு வைத்து 24 கட்டுரைகளைப் புத்தகமாக்கினேன். சிவகாசியில் அச்சடித்தது. 1,000 பிரதிகள். சாட்சிதான் கடைசிக் கட்டுரை. கட்டு கட்டாக வந்து இறங்கிய அன்று வீடெல்லாம் மை வாசனை. பிள்ளைகள் கட்டுகளை அடுக்கிப் பேருந்து விளையாட்டு விளையாடினார்கள். நான் எழுத்தாளர் ஆகிவிட்டேன்.

2010-இல் களக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக் கோவிலில் பிரதிஷ்டைப் பண்டிகை. எனக்கு அங்கே பத்து நிமிஷம் பேச்சு. ஆராதனை முடிந்து அசனம். பந்தியில் என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். பீடி சுற்றுகிற கை, விரல் நுனிகள் காய்த்திருந்தன. மஞ்சள் பைக்குள் என் புத்தகம். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. எந்த எழுத்தாளருக்கும் இதைவிடப் பெரிய காட்சி வேண்டாம்.

"உங்க சாட்சிய நூறு தடவை வாசிச்சிருப்பேன்மா. எம்மவனுக்கும் அதேதான். வாசிச்ச அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டோம்."

சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன். மூன்றாம் நாள் விடாமல் இழுத்து, ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஐந்து நாள் அங்கே கிடந்திருக்கிறார்கள். பையன் பிழைத்துவிட்டான். இப்போது மறுபடியும் மாத்திரை. அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை. "எங்க விசுவாசம் பத்தலம்மா. நீங்க எப்படி ஜெபிச்சீங்க, சொல்லிக் குடுங்க" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

எங்களுக்கும் மாத்திரை உண்டு, மூன்று வருஷத்துக்கு மேல் கொடுத்தோம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துத் தேடினார். "இதுல போடலியேம்மா" என்றார்.

ஆசிரியருக்குத் திருத்தம் ஒன்று எழுதி அனுப்பினேன். அடுத்த இதழில் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த இதழ் வரவேயில்லை. நான் எழுதுவதை நிறுத்தினேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தேங்காயை நானே துருவ ஆரம்பித்தபோது அத்தைக்குப் புரிந்திருக்கும்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைப் பெண்களோடு டோனாவூர் போனேன். என் அம்மா ஊரிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளிக்கூட நாளில் எத்தனையோ தடவை போன இடம்தான். 1901 முதல் அங்கே இருந்து, இந்துக் கோவில்களுக்கு விடப்பட இருந்த பெண் பிள்ளைகளை வளர்த்தவர் ஏமி கார்மைக்கேல். 1931-இல் ஒரு குழிக்குள் விழுந்தபின் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையறையை விட்டு அதிகம் வெளியே வராமல், அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். 1951-இல் இறந்தபோது அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக் கல் வைக்கவில்லை. மரத்தடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு கல்தொட்டி, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்.

எனக்கு அன்று வேண்டியிருந்தது அந்தத் தொட்டி அல்ல. அவருடைய ஆரம்ப காலப் புத்தகம் ஒன்றின் கதை. இந்தத் திருநெல்வேலி கிராமங்களில் ஊழியம் எப்படி நடக்கிறது, எத்தனை கதவுகள் சாத்தப்படுகின்றன, வந்தவர்கள் எப்படித் திரும்பிப் போகிறார்கள் என்றெல்லாம் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்த கமிட்டி, இது மனதைச் சோரப்பண்ணுகிறது, கொஞ்சம் உற்சாகமாக மாற்றி எழுதுங்கள் என்று கைப்பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் மாற்றவில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியபின் 1903-இல் ஓர் எழுத்தும் இனிப்பாக்காமல் புத்தகமாக வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், உள்ளது உள்ளபடி.

அவருக்கு மேசை இழுப்பறை இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அரிசி டிரம். சாக்குக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

2012-இல் மகள் பிளஸ் டூ. தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருஷம். எங்கள் பக்கம் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. அத்தான் மின்வாரியச் சட்டையோடு தெருவில் நடக்க முடியாது, கிழவிகள்கூட ஏசுவார்கள். எப்போது கரண்ட் வருகிறதோ அப்போது எழுந்து படிப்பாள் மகள். இரவு இரண்டு மணி, மூன்று மணி. தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நானும் மறந்துபோனேன். நான்தான் அந்த இரண்டு பக்கத்தை எடுத்துப்போட்டவள் ஆயிற்றே. 2013 ஜனவரியில் ஒரு விடியற்காலை, கெமிஸ்ட்ரி புத்தகத்தின் மேலேயே விழுந்தாள்.

மறுபடியும் மாத்திரை. பரீட்சை எழுதினாள், நல்ல மார்க். லீவில் படுத்துக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தாள், என் புத்தகத்தையும். பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் எட்டு வயதைப் பற்றி எழுதப்பட்டதை முதல் தடவையாக முழுசாக வாசிக்கிறாள்.

"இதுல நான் செத்துப் பிழைச்ச மாதிரி எழுதியிருக்க. மாத்திரை சாப்பிட்டேன்னு ஒரு வரி இல்ல. என்கிட்ட கேட்டியாம்மா?"

உனக்கு அப்போது என்ன வயசு என்றேன்.

"அதுக்கப்புறம் வயசாச்சுல்லா?"

அசனப் பந்தி அம்மாவைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். விற்காத கட்டுகள் அங்கேதான் இருந்தன.

புதுப் பதிப்புக்குப் பணம் இல்லை. ஒட்டலாம் என்றாள். கடைசிப் பத்தியின் மேல் ஒரு சீட்டு. வாசகம் அவளுடையது, நான் ஒரு சொல்லும் தொடவில்லை. 'எனக்கு வலிப்பு நோய் உண்டு. 2003 முதல் டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டேன். ஆச்சி பழத்தில் வைத்துக் கொடுத்தாள். அம்மா அதை எழுதவில்லை. 2013-இல் திரும்ப வந்தது. இப்போதும் சாப்பிடுகிறேன். டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.' சின்னவன் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்து, ஒரு தாளுக்கு ஆறு சீட்டு என்று ஜெராக்ஸ் எடுத்து வெட்டி வந்தான். அத்தை மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டினார். கிண்டியபடியே, சீட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பழத்தப் போட்டிருக்கா பாரு" என்றார். மகளைத்தான் சொன்னார், என்னைப் பார்த்து.

பாதி ஒட்டியபிறகுதான் கவனித்தேன். சீட்டு ஒரு வரி குட்டை. பழைய பத்தியின் கடைசி வரி மட்டும் அடியில் வெளியே தெரிந்தது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம் என்ற வரி. இன்னொரு துண்டு வெட்டட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

குனிந்து பார்த்தாள். "அது இருக்கட்டும்மா. அதுல என்ன பொய் இருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

312 ஒட்டினோம். 23 கரையான் தின்றுவிட்டது. மீதி 665 பழைய முடிவோடு எங்கெங்கோ இருக்கின்றன. ஒன்று மட்டும் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் அன்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பந்திக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மறுவாரம் சனிக்கிழமை, பசை காய்ந்த பிரதிகளில் ஐந்தைப் பையில் போட்டுக்கொண்டு நானும் மகளும் களக்காடு பஸ் ஏறினோம். எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று கண்டக்டர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். முதலில் வருகிற கோவிலில் இறக்கிவிடுங்கள், அங்கிருந்து கேட்டுக் கேட்டுப் போய்க்கொள்கிறோம் என்றேன்.